வீட்டில் கட்டிய விமானத்தில் பயிற்சி: அனுமதி யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயம், எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு தகவலைத் திருத்தியே ஆக வேண்டும். ‘எக்ஸ்பெரிமென்டல்’ (சோதனை வகை; வீட்டில் கட்டியவையும் இதில் அடங்கும்) என்று எழுதப்பட்ட விமானத்தில் எந்த அனுமதியும் இல்லாமல் யாரும் கட்டணம் வாங்கிக்கொண்டு பறக்கக் கற்றுத்தரலாம் என்ற பொருளில் கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. விமானி உரிமம் வாங்க அங்கே போகும் நம் பிள்ளைகள் அதை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

தொழிற்சாலையில் தயாராகும் பயிற்சி விமானத்துக்கு ‘டைப் சர்டிபிகேட்’ உண்டு. ஒரு மாதிரியைச் சோதித்து, அதே மாதிரியில்தான் மற்றவையும் தயாராகின்றன என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., ஒப்புக்கொண்ட சான்று அது. அமெச்சூர்கள் கட்டும் விமானத்துக்கு இந்தச் சான்று கிடையாது. பாதிக்கு மேற்பட்ட வேலையை, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘51 சதவீத விதி’ என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். ஒரே நிறுவனத்தின் கிட்டை, அதாவது பாகங்களின் தொகுப்பை, வாங்கிக் கட்டிய இரண்டு விமானங்களில்கூட எரிபொருள் குழாய் போகும் பாதை, மின்சார இணைப்பு, இக்னிஷன், ப்ரொப்பெல்லர் எல்லாம் வேறு வேறாக இருக்கும். அதனால்தான் உள்ளே ஏறுபவர் கண்ணில் படும்படி, இந்த விமானம் வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகையை ஒட்டச் சொல்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது என்று 91.319 என்ற விதி தடுப்பதும் இதனால்தான்.

பயிற்சிக்கு வருபவர் ‘ஏற்றிச் செல்லப்படும் ஆள்’ கணக்கில் வருவாரா என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. பல ஆண்டுகள் நடைமுறையில், சொந்த விமானத்தில் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்பவரை யாரும் அப்படிக் கருதவில்லை. பயிற்றுநர் வாங்கும் ஊதியம் கற்பித்ததற்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2021 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பழைய பி-40 போர் விமானத்தில் கட்டணப் பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் வழக்கில் எஃப்.ஏ.ஏ. பக்கம் தீர்ப்பளித்தது. அந்த விமானம் ‘லிமிடெட்’ என்ற வேறு வகையைச் சேர்ந்தது. ஆனால் இரண்டு வகைக்கும் விதியின் வாசகம் ஒத்துப்போவதால், அதே ஆண்டு ஜூலையில் எஃப்.ஏ.ஏ. ஓர் அறிவிப்பு வெளியிட்டது: தன் சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் கற்பவரும், ஊதியம் வாங்கும் பயிற்றுநர் உடன் இருந்தால், விலக்கு அனுமதிக் கடிதம் பெற வேண்டும். ‘லோடா’ என்று இந்தத் துறையில் எல்லோரும் அழைப்பது இந்தக் கடிதத்தைத்தான்.

பாதுகாப்புக்கு இதனால் கடுகளவும் நன்மை கிடைத்ததாக நாங்கள் நினைக்கவில்லை. பெயர், முகவரி, விமான வகை ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பினால் கடிதம் வந்துவிடும் என்ற ஏற்பாட்டில் யார் என்ன கற்பிக்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை. 2022 டிசம்பரில் நிறைவேறிய, ராணுவத்துக்கான ஆண்டு அங்கீகாரச் சட்டத்தின் 5604-ஆம் பிரிவு இந்தச் சுமையை நீக்கியது. அதை ஒட்டி எழுதப்பட்ட 91.326 என்ற புதிய விதி 2024 டிசம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று பார்க்க வேண்டியது அதைத்தான்.

அந்த விதிப்படி மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால் கடிதம் வேண்டாம். முதலாவது, பயிற்சியையும் விமானத்தையும் ஒரே பயிற்றுநர் தரக் கூடாது. இரண்டாவது, இந்த விமானம் பயிற்சிக்குக் கிடைக்கும் என்று யாரும் விளம்பரம் செய்யவோ, பொதுவில் அழைப்பு விடுக்கவோ கூடாது. மூன்றாவது, அந்தப் பறப்புக்காக விமானத்தைக் கொடுப்பவர் லாபம் பார்க்கக் கூடாது. விமானத்தை வைத்திருக்கவும் பறக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

இதை நடைமுறையில் பொருத்திப் பார்த்தால் குழப்பம் தீரும். சொந்த விமானத்துக்கு ஊதியம் கொடுத்து ஒரு பயிற்றுநரை அழைத்துக் கற்கிறீர்களா? கடிதம் வேண்டாம். நண்பர் தன் விமானத்தை எரிபொருள் செலவுக்குக் கொடுக்கிறார், பயிற்றுநர் வேறொருவர். அதற்கும் வேண்டாம். பயிற்றுநரே தன் சொந்த விமானத்தைக் கொண்டுவந்து கற்பித்தால், லாபமே இல்லாவிட்டாலும் முதல் நிபந்தனை உடைந்துவிட்டது, கடிதம் வேண்டும். ‘என் விமானத்தில் வந்து கற்றுக்கொள்ளுங்கள், மணிக்கு இவ்வளவு டாலர்’ என்று சமூக ஊடகத்தில் ஒரு பதிவு போட்டாலே இரண்டாவது நிபந்தனை போய்விடும். நல்ல மனதோடு உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் அறியாமல் தவறுகிறார்கள்.

சொந்த விமானத்தில் கற்கத்தான் தடை இல்லையே, பிறகு கடிதத்துக்கு என்ன தேவை என்று கேட்கலாம். முதல் பறப்புக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகக் கட்டிய விமானம் முதல் கட்டச் சோதனையை முடிக்க வேண்டும். சான்று பெற்ற எஞ்சினும் அதற்குப் பொருத்தமான ப்ரொப்பெல்லரும் இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம். அண்மைக் காலமாக, மணிக்கணக்குக்குப் பதிலாகக் குறிப்பிட்ட சோதனைகளை வரிசையாகச் செய்துமுடிக்கும் வழியும் உண்டு. இந்தக் கட்டத்தில் பறப்பின் நோக்கத்துக்கு அவசியமில்லாத எவரையும் ஏற்றக் கூடாது. 2014-இல் வந்த கூடுதல் விமானித் திட்டம் தகுதியுள்ள ஒருவரை உடன் அழைத்துக்கொள்ள வழி செய்கிறது. ஆனால் அது சோதனைப் பறப்பின் பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு. ஆக, அந்த மாதிரி விமானத்தில் அனுபவம் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அதாவது முதல் பறப்புக்கு முந்தைய வாரங்களில், தன் விமானத்தில் அதைப் பெற முடியாது. அதே மாதிரியில் ஏற்கெனவே சோதனை முடித்த வேறொருவரின் விமானம்தான் வழி. அப்படிப்பட்ட விமானத்தை வைத்துக்கொண்டு, தன்னிடம் வருவோர்க்கெல்லாம் கற்றுத்தர ஒருவர் முன்வந்தால், அவருக்கு லோடா தேவை.

இதன் அவசரத்தை எண்களே சொல்லும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-ஆம் ஆண்டில் அமெச்சூர் கட்டிய விமானங்களுக்கு நேர்ந்த 224 விபத்துகளை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 10 விபத்துகள் புதிய விமானத்தின் முதல் பறப்பிலேயே நடந்தவை. 14 விபத்துகள், பழைய விமானத்தை விலைக்கு வாங்கியவர் அதை முதல் தடவை ஓட்டியபோது நடந்தவை. எஞ்சின் சக்தி இழப்பும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பும்தான் அதிகம் காணப்பட்டன. இரண்டாம் கையாக வாங்கியவரின் நிலை புதிதாகக் கட்டியவரின் நிலையைவிட ஒரு வகையில் மோசம். கட்டியவருக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு குழாயும் கம்பியும் தெரியும். வாங்கியவருக்கு அதுவும் தெரியாது.

இனி லோடாவுக்கான விண்ணப்பம். உத்தேசித்த நாளுக்குக் குறைந்தது 60 நாள் முன்பே எஃப்.ஏ.ஏ.யிடம் அனுப்ப வேண்டும். விண்ணப்பிப்பவரின் பெயரும் முகவரியும், பயிற்சி நடவடிக்கைகளுக்கு இறுதிப் பொறுப்பு யாருடையது, அவரைத் தொடர்புகொள்வது எப்படி, எந்தெந்த விமானங்கள், ஒவ்வொன்றின் வான்தகுதிச் சான்றிதழ் நகல், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்று இருக்கை இருந்தால் அதன் விவரம், விரிவான பயிற்சித் திட்டம் இவையெல்லாம் இருக்க வேண்டும். அணிவகுத்துப் பறத்தல், சாகசப் பறத்தல், அல்லது மேலொப்பம் (தகுதி பெற்றார் என்று பயிற்றுநர் எழுதித் தரும் சான்று) பெறுவதற்கான பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால், பயிற்சிக்கு வருபவருக்கு அது உண்மையிலேயே தேவையா என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்பதையும் எழுத வேண்டும். காசு கொடுத்து ‘ஒரு சுற்று’ சுற்றிவர விரும்புபவரைப் பயிற்சிக்கு வந்தவர் என்று கணக்குக் காட்டும் வழக்கத்தை அடைக்கத்தான் இந்தக் கேள்வி. அது நியாயமான கேள்வி என்றே நாங்கள் கருதுகிறோம்.

விண்ணப்பம் எங்கே சிக்கும்? வான்தகுதிச் சான்றிதழை மட்டும் இணைத்துவிட்டு, அதோடு சேர்ந்த இயக்க வரம்புகளை, அதாவது எப்படிப் பறக்கலாம் என்று எஃப்.ஏ.ஏ. விதிக்கும் நிபந்தனைகளை, விட்டுவிடுவது மிகச் சாதாரணமான பிழை. எக்ஸ்பெரிமென்டல் விமானத்துக்கு அந்த வரம்புகள் சான்றிதழின் ஒரு பகுதி. அவை இல்லாமல் சான்றிதழ் முழுமையாகாது. விமானம் ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்க, விண்ணப்பம் தனி ஆள் பெயரில் போவது இன்னொன்று. முதல் கட்டச் சோதனை முடிந்தது என்று பராமரிப்பு ஏட்டில் எழுதிக் கையெழுத்திடாமல் விட்டிருப்பார்கள், கேட்கும்போதுதான் தெரியவரும். எஞ்சினையோ ப்ரொப்பெல்லரையோ மாற்றிய பிறகு, இயக்க வரம்புகள் கேட்கும் மறுசோதனையைச் செய்து பதிவிடாத விமானங்களும் உண்டு. ஆண்டுக்கொரு முறை செய்யும் ‘கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன்’ யார் கையெழுத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த ஆய்வைத் தானே செய்துகொள்ளக் கட்டியவருக்குக் கிடைக்கும் ரிப்பேர்மேன் சான்று அவரோடே நின்றுவிடும். விமானத்தை விலைக்கு வாங்கியவர் அந்தச் சான்றை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது. விமான உடலையும் எஞ்சினையும் பராமரிக்கச் சான்று பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக்கோ, விதிப்படி தகுதி பெற்ற வேறொருவரோதான் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. தனியார் விமானி உரிமத்துக்கான பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து, விமானத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். தரச்சான்று பெற்ற செஸ்னாவில் செய்யக்கூடிய அடிப்படைப் பயிற்சியை ஏன் இந்த விமானத்தில் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. இந்த மாதிரிக்கு மாறுவதற்கான பயிற்சி, தரச்சான்று பெற்ற மாதிரி கிடைப்பது அரிதான ஜைரோப்ளேன் (மேலே தானே சுழலும் இறக்கை கொண்டது), எடை குறைந்து காற்றுத் தடை மிகுந்த அல்ட்ராலைட் போன்றவை என்றால் நியாயம் தானாகவே விளங்கும். எனவே திட்டத்தின் ஒவ்வொரு பாடமும், வருபவர் இதுவரை ஓட்டிய விமானத்துக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டைத் தொட்டுச் சொல்ல வேண்டும். மாற்றப் பயிற்சிக்கென்றே எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட 90-109 என்ற ஆலோசனைச் சுற்றறிக்கை, விமானங்களைப் பெயரால் பிரிக்காமல் குணத்தால் பிரித்திருக்கிறது. திட்டம் எழுத அதைவிட நல்ல அடித்தளம் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

எரிபொருளை எடுத்துக்கொள்ளுங்கள். செஸ்னா 172-இல் இறக்கை மேலே. டேங்க் தேர்வுக் குமிழை ‘இரண்டும்’ என்று வைத்துவிட்டால் எரிபொருள் தானே இறங்கிவரும். கிட்டாக விற்கப்படும் ஆர்.வி. வரிசை போன்ற தாழ் இறக்கை விமானங்களில் வழக்கமாக ‘இரண்டும்’ என்ற நிலை இருக்காது. இடது அல்லது வலது, அவ்வளவுதான். பல ஆண்டுப் பழக்கத்தில் குமிழைத் தொடாமலே பறந்தவர், ஒரு டேங்க் நிறைய இருக்கும்போதே மற்றது காலியாகி எஞ்சினை நிறுத்திவிடக்கூடும். முதல் பாடத்திலேயே, போதிய உயரத்தில், 30 நிமிடத்துக்கொரு முறை டேங்க் மாற்றும் பழக்கத்தை ஊட்ட வேண்டும். மாற்றும் முன் துணை எரிபொருள் பம்ப்பான பூஸ்ட் பம்ப்பைப் போடுவது, மாற்றிய பின் எரிபொருள் அழுத்தத்தைப் பார்ப்பது, பிறகு பம்ப்பை அணைப்பது என்ற வரிசை கைக்கே பழகிவிட வேண்டும்.

அடுத்தது புறப்பட்டவுடன் எஞ்சின் நின்றால் என்ன செய்வது. பலர் தம் பழைய விமானத்தின் கணக்கை மனதில் வைத்திருப்பார்கள். தரையிலிருந்து குறைந்தது 3000 அடி உயரத்தில், மேலேறும் வேகத்தில் இருக்கும்போது பயிற்றுநர், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூட வேண்டும். திடுக்கிட்டு நிற்கும் நேரத்துக்கு ஈடாக மூன்று நொடி கழித்து மூக்கைத் தாழ்த்தி, சறுக்கு வேகத்தைப் பிடித்து, 180 பாகை திரும்பச் சொல்ல வேண்டும். எத்தனை அடி இழந்தோம் என்று உயரமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மாறாவேக ப்ரொப்பெல்லர் (சுழலும் வேகம் மாறாதபடி தகடுகளின் கோணம் தானே மாறும் வகை) உள்ள விமானத்தில், த்ராட்டில் மூடியதும் தகடுகள் நுண் கோணத்துக்குப் போய்ப் பெரிய தட்டுபோலக் காற்றை மறிக்கும். இறக்கம் செங்குத்தாகத் தோன்றும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், தாழ்ந்த உயரத்தில் ரன்வேக்குத் திரும்ப நினைக்க மாட்டார். சொல்லிப் புரியவைக்க முடியாத பாடம் இது.

இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலும் அப்படித்தான். பல வீட்டு விமானங்கள் செஸ்னாபோல முன்கூட்டிக் குலுங்கி எச்சரிப்பதில்லை. ஆளில்லாத பின் இருக்கையோடு ஒரு குணம், ஆள் உட்கார்ந்தால் வேறு குணம். முன்பின்னாக இருவர் அமரும் விமானத்தில் பின்னால் ஆள் ஏறியதும் எடைமையம் பின்னுக்குப் போகிறது, விமானி கையில் பிடிக்கும் ஸ்டிக் இன்னும் லேசாகிறது, ஓர் அங்குல அசைவே அதிகமாகிவிடுகிறது. பயிற்சி நடப்பது இருவரோடு. முதல் பறப்பு நடப்பது ஒருவரோடு. இரண்டு எடைக்கும் எடைச் சமநிலைக் கணக்கைப் பயிற்சிக்கு வருபவரே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பயிற்சி விமானத்தின் ஸ்டால் வேகத்தைத் தன் விமானத்துக்கும் அதே எண் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. வெளிக் காற்றழுத்தத்தை அளக்கும் ஸ்டாட்டிக் துளையின் இடம் சற்று மாறினாலே வேகமானி காட்டும் எண் மாறும். எண்களைத் தன் விமானத்தின் சோதனைப் பறப்பில்தான் அளந்துகொள்ள வேண்டும். பயிற்சியில் பெற வேண்டியது கைப்பழக்கம்.

தரையிலும் வேறுபாடு உண்டு. மூக்குச் சக்கரம் தளர்வாகச் சுழலும் விமானங்களில் திருப்புவது இடது வலது பிரேக்கால். புதியவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே எஞ்சின் சக்தியையும் கூட்டிப் போவார். ரன்வே முனைக்கு வரும் முன்பே பிரேக் சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. இறங்கிய பிறகும் ஸ்டிக்கைப் பின்னால் பிடித்து மூக்குச் சக்கரத்தின் சுமையைக் குறைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் முன் கால் வளையும். சிறு இறக்கை மூக்குப் பக்கம் இருக்கும் கனார்ட் வகை விமானங்களுக்கு நீண்ட ரன்வே வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே குறித்துவிடுவது நல்லது.

பயிற்சிக்கு இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம் என்பது தனி விதி. லாங்-ஈஸி போன்ற விமானத்தில் பின் இருக்கைக்கு ஸ்டிக் உண்டு, மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர் மிதி இல்லை. ஆர்.வி.-4 போன்றவற்றில் பின்னால் மிதி வைப்பதும் வைக்காததும் கட்டுபவர் விருப்பம். வாங்கும்போது இதைப் பார்க்காமல், பிறகு பயிற்சிக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். எங்கள் கருத்தில், பின்னால் மிதியும் த்ராட்டிலும் இல்லாத விமானத்தை விண்ணப்பத்தில் சேர்க்கவே கூடாது. கூடவே, விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆண்டு ஆய்வோடு நிற்காமல் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்வோம் என்று திட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை இறங்கி ஏறும் விமானத்தின் டயரும் பிரேக்கும் சக்கரக் கால்களும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறக்கும் விமானத்தினதைவிட வேகமாகத் தேயும். காப்பீட்டையும் முன்பே பேசிவிட வேண்டும்; சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி கட்டணப் பயிற்சிக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

கடைசியாக, உரிமம் பெறப் போகும் மாணவர்களுக்கு. யாராவது எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் குறைந்த கட்டணத்தில் முழு உரிமப் பயிற்சி தருகிறேன் என்றால், பணம் கட்டும் முன் நான்கு தாள்களைக் கேளுங்கள்: லோடா கடிதம், அந்தக் கடிதத்தில் இந்த விமானத்தின் பதிவு எண் இருக்கிறதா என்ற விவரம், இயக்க வரம்புகள், கடைசி ஆண்டு ஆய்வின் பதிவு. கடிதத்தில் எந்தப் பயிற்சிக்கு அனுமதி என்ற பத்தியை வரிவரியாகப் படியுங்கள். மாற்றப் பயிற்சிக்கு மட்டும் என்று இருந்தால் அது உங்களுக்கானதல்ல. தேர்வு நாளன்று எக்ஸ்பெரிமென்டல் விமானத்தை ஏற்பதும் மறுப்பதும் தேர்வாளரின் விருப்பம் என்பதால், அவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
அமெச்சூர் விமானங்களில் மாற்றப் பயிற்சி அளிக்கும் பயிற்றுநர்கள் சிலர்